பன்னிரண்டரைப் புள்ளி

காரைக்குடி வட்டாரத்தில் மெய்யநாதன் சாரிடம் பத்தாவது கணக்குப் படித்தவர்களை அடையாளம் காண்பது ரொம்ப எளிது. துபாயில் கிரேன் ஓட்டுகிறவனாக இருக்கட்டும், சிங்கப்பூரில் மருந்துக் கடையில் நிற்கிறவளாக இருக்கட்டும், ஆழ்ந்த தூக்கத்தில் தோளைப் பிடித்து உலுக்கினால் போதும். கண்ணைத் திறக்கும் முன்னே, "குறையா வந்தா தள்ளு, பின்னமா வந்தா கொல்லு" என்று ஒப்பித்துவிட்டு அதற்குப் பிறகுதான் யாரென்று கேட்பார்கள். பிரசவ வார்டில் மயக்க ஊசி போட்டுக்கொண்ட ஒரு பழைய மாணவி இதையே மூன்று முறை சொல்லி, டாக்டர் பயந்துபோய் ஊசியின் அளவைச் சரிபார்த்ததாகவும் ஒரு பேச்சு உண்டு.

விஷயம் இதுதான். இருபடிச் சமன்பாடு போட்டால் விடை இரண்டு வரும். வெறும் எண்ணாக இருந்தால் இரண்டையும் எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆளையோ ஆட்டையோ பற்றிய வாழ்க்கைக் கணக்கு என்றால் இரண்டில் எது நடக்கக்கூடியது என்று பார்க்க வேண்டும். மைனஸ் பத்து ஆடு மேயாது. ஏழேகால் ஆள் கிணறு வெட்ட மாட்டான். ஆகவே தள்ளு, கொல்லு. முப்பத்தோரு வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு அந்தத் தனியார் பள்ளியின் பத்தாம் வகுப்புச் சுவருக்கே கணக்கு வந்துவிட்டது. சுவரில் சாய்ந்து எழுந்தால் சட்டை முதுகில் சுண்ணாம்போடு ஒரு சூத்திரமும் ஒட்டிக்கொண்டு வரும்.

மாசி மாதத் திருப்புதல் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிப்பது மெய்யநாதன் சார்தான். அதில் நாற்பத்திரண்டாவது கேள்வி, அதாவது தப்பித்துக்கொள்ள வழியில்லாத கட்டாயக் கேள்வி, வருடா வருடம் ஒன்றேதான். எண் மட்டும் மாறும். அந்த எண் அவர் ஊரிலிருந்து வரும்.

வலையபட்டியைத் தாண்டி உள்ளே போகிற அவர் ஊரில் பங்காளிகள் ஆளை எண்ண மாட்டார்கள், புள்ளியைத்தான் எண்ணுவார்கள். புருசனும் பெண்சாதியும் சேர்ந்தது ஒரு புள்ளி. கல்யாணம் ஆகாதவன் தென்னை உயரம் வளர்ந்து நரைத்துப்போனாலும் புள்ளி ஆக மாட்டான். மாசியில் கோயில் தேங்காயைப் புள்ளிக் கணக்கில் பங்கு வைப்பார்கள். எத்தனை புள்ளி உண்டோ அதைப்போல் இரண்டு மடங்கு, அதில் ஐந்தைப் பிள்ளையார் பேருக்குக் கழித்துவிட்டு மிச்சம், இதுதான் ஒரு புள்ளிக்குப் பங்கு. எந்த முப்பாட்டன் போட்ட சட்டம் என்று தெரியாது. ஒன்று அவன் கணக்கில் புலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பங்காளிகள் மேல் அவனுக்குத் தீராத கோபம் இருந்திருக்க வேண்டும்.

பதினோரு புள்ளி இருந்த காலத்தில் மொத்தம் நூற்று எண்பத்தேழு காய். ஒரு பையனுக்குக் கல்யாணம் முடிந்து பன்னிரண்டு ஆனபோது இருநூற்று இருபத்தெட்டு. பதின்மூன்று ஆனதும் இருநூற்று எழுபத்து மூன்று. சார் கோயில் காவல்காரர் சோணைக்குப் போன் போட்டு மொத்தக் காய் எத்தனை என்று கேட்பார். அந்த எண்ணைக் கேள்வியில் செருகிவிட்டு, புள்ளிகளின் எண்ணிக்கையைக் காண்க என்பார். வீட்டில் மனைவி உமையாள், "தேங்காயத் திங்க விடாம பிள்ளைகள எண்ண விடுறீக" என்று சிரிப்பாள்.

உமையாள் போன பங்குனியில் இறந்துபோனாள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஆறு நாளில். பிள்ளைகள் கிடையாது. அதன் பிறகு சாருக்கு மிச்சம் இருந்தது பத்தாம் வகுப்பு ஒன்றுதான். காலை ஏழரைக்கெல்லாம் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்பார். வாட்ச்மேனுக்குப் பூட்டைத் திறக்க வெட்கமாக இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. கேட்க யாருக்கும் தைரியமும் இல்லை.

இந்த மாசியிலும் சோணைக்குப் போன் போட்டார். சோணை ஏனோ கொஞ்சம் இழுத்து, இருநூற்று ஐம்பது என்றார். சார் பழைய வினாத்தாளைத் திறந்து 273ஐ அழித்துவிட்டு 250 என்று அடித்தார். போட்டுப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? ஊர்க் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை.

தேர்வு அன்று ஹாலில் அவரே கண்காணிப்பு. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மின்விசிறி சுற்றச் சுற்ற வெந்நீர் ஊற்றுவது போல் இருந்தது. கடைசி அரைமணியில் நாற்பத்து மூன்று பிள்ளைகளும் ஒரே சமயத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பதைக் கவனித்தார். நாற்பத்திரண்டாவது கேள்விதான். சரி, என்னதான் வருகிறது என்று வருகைத்தாளின் பின்பக்கம் போட்டார்.

2x² − 5x − 250 = 0. காரணிப்படுத்தினார். ஒரு விடை மைனஸ் பத்து. தள்ளினார். இன்னொரு விடை பன்னிரண்டரை.

கொல்வதற்காகப் பேனாவைத் தூக்கியவருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

ஊர்க் கணக்கு பிசகவில்லை. புள்ளியில் ஒருவர் போய்விட்டால் மிச்சம் இருப்பவரை ஊர் அரைப் புள்ளி என்று எழுதும். வழக்கம் அதுதான். சின்ன வயதில் அப்படி எழுதியதை அவரே பட்டியலில் பார்த்திருக்கிறார். பன்னிரண்டு வீட்டுக்குப் பன்னிரண்டு புள்ளி. அந்த அரை யாரென்று கண்டுபிடிக்கத்தான் பத்தாம் வகுப்பு முழுவதும் வியர்வை வழிய உட்கார்ந்திருந்தது. கேள்வியில் பிழை என்று ஹாலில் அப்போதே எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மணி அடித்தது, தாள்களை வாங்கிக் கட்டினார்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மூலையில் கிடந்த சாக்கை அவிழ்த்தார். நான்கு நாளுக்கு முன் தேங்காய் மண்டிக்காரர் மீரான் சாகிபுவின் வண்டி இறக்கிவிட்டுப் போன கோயில் பங்கு. அவர் அதைத் தொடவே இல்லை. தரையில் உருட்டி எண்ணினார். பத்து. மறுபடியும் எண்ணினார். ஒன்று அலமாரிக்கு அடியில் உருண்டிருக்குமோ என்று குனிந்து பார்த்தார். பத்துதான். போன வருடம் இருபத்தொன்று வந்தது. உமையாள் துவையல், திரட்டுப்பால் என்று ஒரு மாதம் அமர்க்களம் பண்ணினாள். இப்போது ஒரு காயை உடைத்தால் ஒரு மூடிதான் செலவாகிறது. மறு மூடி ஊசிப்போகிறது.

அன்றைக்கே விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தார். நாற்பத்து மூன்றில் முப்பத்திரண்டு பேர் பதின்மூன்று என்று எழுதியிருந்தார்கள். போன வருட வினாத்தாள் பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்த ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிறது. விடையைத் தெரிந்துகொண்டு அதை வரவைப்பதற்காக அவர்கள் நடுவில் செய்திருந்த அட்டூழியத்தைக் கணிதம் தாங்காது. ஒருவன் இருநூற்று ஐம்பதின் தலையில் கண்காணாத இடத்திலிருந்து இருபத்து மூன்றைக் கொண்டுவந்து கூட்டியிருந்தான். ஒன்பது பேர், 'பின்னம், ஆகவே வினா தவறு' என்று சாரின் வாய்ப்பாட்டைச் சாருக்கே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். ஒருவன் மட்டும் பன்னிரண்டு பெரியவர்கள், ஒரு கைக்குழந்தை என்று எழுதிப் படமும் வரைந்திருந்தான். குழந்தைக்கு மீசை இருந்தது.

மிச்சம் ஒரு தாள். பெனாசிர், மீரான் சாகிபுவின் மகள். வரி பிசகாமல் போட்டு, மைனஸ் பத்தை அடித்துவிட்டு, கடைசியில் எழுதியிருந்தாள்: 'விடை பன்னிரண்டரை. ஏற்கத்தக்கது. பன்னிரண்டு வீட்டுக்கு இருபது வீதம் 240. ஒரு வீட்டுக்குப் பத்து. மொத்தம் 250.'

சார் ஐந்து மார்க் போட்டார். மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும் வழிமுறைக்கு ஒன்று, இரண்டு என்று போட்டார்.

மார்க் வந்ததுதான் தாமதம், பெற்றோர் வாட்ஸ்அப் குழு கொதித்தது. காலை எட்டு மணிக்குக் கிளம்பிய செய்தி எட்டேகாலுக்கு அபுதாபிக்கும் எட்டரைக்குக் கோலாலம்பூருக்கும் போய், ஒன்பது மணிக்குத் திரும்பி வரும்போது கேள்வியில் ஆயிரம் தேங்காய் ஆகிவிட்டிருந்தது. புள்ளிக்கு எதற்குத் தேங்காய் என்று ஒருவர் கேட்டார். கோலப் புள்ளியா, கமாப் புள்ளியா என்று இன்னொருவர். அரை மனுசனைக் கேள்வியில் கொண்டுவந்து பிள்ளைகளைப் பயமுறுத்தலாமா என்று ஒரு அம்மா ஏழு நிமிடக் குரல் பதிவு அனுப்பினார்.

பள்ளித் தாளாளர் சேவுகப்பெருமாள், மெய்யநாதன் சாரைக் கூப்பிட்டு அனுப்பினார். நிலபுலன்காரர், நல்ல மனிதர்தான். ஆனால் மேசை மிகப் பெரியது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியவே பாதிப்பேருக்குக் கண்ணாடி வேண்டும். ஒரு தாளை முன்னால் தள்ளினார். தயாராக அடித்து வைத்திருந்தது: 'விடை பின்னமாக வருவதால் 42ஆம் வினா பிழையானது. அனைவருக்கும் ஐந்து மதிப்பெண் வழங்கப்படுகிறது.' கீழே சாரின் பெயர், கையெழுத்துக்கு இடம்.

கையெழுத்துப் போட்டால் இத்தோடு முடிந்தது என்றார் தாளாளர். போடாவிட்டால், பொதுத்தேர்வு நெருங்குகிற நேரத்தில் பெற்றோரை அவரால் சமாளிக்க முடியாது. பத்தாம் வகுப்பை ரோகிணி டீச்சரிடம் கொடுக்க வேண்டிவரும், சார் ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிவரும். இதையெல்லாம் தேன் தடவித்தான் சொன்னார். பத்தாம் வகுப்பும் போய்விட்டால் காலை ஏழரை மணிக்கு எந்த வாசலில் போய் நிற்பது?

தாளை இரண்டு முறை படித்தார். "மார்க்க எல்லாருக்கும் போட்டுக்கிருங்க. எனக்கு ஒண்ணுமில்ல. பிழைன்னு மட்டும் நான் எழுத மாட்டேன்."

"என்ன சார், இத்தன வருசமா நீங்கதானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தீக, பின்னமா வந்தா கொல்லுன்னு. எம்மகனே வீட்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். அரை ஆளு எங்க சார் இருக்கான்? இருந்தாக் காட்டுங்க, நான் ஒத்துக்கிறேன்."

"இந்தா, உங்க முன்னால உக்காந்திருக்கேன்ல."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஊர்ப் பட்டியலைப் பற்றியும் அரைப் புள்ளியைப் பற்றியும் நான்கு வாக்கியத்தில் விளக்கினார், கரும்பலகையில் விளக்குகிற அதே குரலில்.

சேவுகப்பெருமாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு, தனக்குப் புரிகிறதென்றும் பெற்றோருக்கு இதைப் புரியவைக்க முடியாதென்றும் மெதுவாகச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு விடை முழு எண்ணாக வர வேண்டும் சார் என்றார். அந்தத் தாளை எடுத்து மடித்து இழுப்பறையில் போட்டார். நாற்பத்திரண்டாவது கேள்வி மட்டும் வெள்ளிக்கிழமை மறுதேர்வு, போன வருட எண்ணோடு. திருத்திக் கொடுத்துவிட்டு சார் திங்கள்கிழமையிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போகலாம்.

வெளியே வராந்தாவில் மீரான் சாகிபு காத்திருந்தார். முப்பது தேங்காய் மூட்டையைத் தனியாளாகத் தூக்கி எறிகிற மனிதர், சாரைக் கண்டதும் தொப்பியைக் கையில் எடுத்துச் சுருட்டத் தொடங்கினார். அவர் கேள்வியைப் பற்றிச் சண்டை போட வரவில்லை. மகள் பேப்பரில் எழுதிவைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வந்திருந்தார்.

"வீட்ல பேசுனத புள்ள காதுல வாங்கிருச்சு சார். அத அப்டியே பேப்பர்ல எழுதும்னு நான் கண்டேனா? மனசுல வச்சுக்கிறாதீக."

சார், அவள் எழுதியது சரி, ஐந்துக்கு ஐந்து என்றார். அது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"உமையாள் ஆச்சி வாசல்ல பத்துக் காய் இறக்குறப்ப எனக்குக் கை வரல சார். எத்தன வருசமா அவுக எண்ணி எடுத்து, காபி குடுத்து அனுப்புன வாசலு. கெடக்குது, இருவதாவே போட்டுருவோம்னுதான் பாத்தேன். சோணைதான் லிஸ்டக் காமிச்சுத் தடுத்துப்புட்டான். அரைக்கு முழுசு போட்டா ஊருல பேச்சாயிரும்னான்."

"நல்லவேளை போடல" என்றார் சார். "போட்டிருந்தா மொத்தம் இருநூத்தி அறுவது. கணக்கு காரணியாப் பிரிஞ்சிருக்காது."

மீரான் சாகிபு ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கியவர் பாதியில் நின்று, காய் ஏதாவது வேண்டுமானால் ஒரு போன் போடச் சொன்னார். சார் சரி என்றார். இருக்கிற பத்தில் எட்டு இன்னும் உடையாமல் கிடக்கிறது என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மறுதேர்வு நடந்தது. ஒரே கேள்வி, இருபது நிமிடம். ஜெராக்ஸ் கடைக்காரர் முந்தின நாளே அறுபது பிரதி விற்றுவிட்டார் என்றும், அந்த வசூலில் கடைக்குப் புது போர்டு எழுதக் கொடுத்துவிட்டார் என்றும் கேள்வி. எல்லாரும் பதின்மூன்று எழுதினார்கள். மீசை வைத்த குழந்தையை வரைந்தவன்கூடப் பதின்மூன்று பேரை வரிசையாக நிறுத்தி வரைந்துவிட்டான்.

சார் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே போனார். பதின்மூன்று, ஐந்து மார்க். பதின்மூன்று, ஐந்து மார்க். எல்லாத் தாளிலும் உமையாள் உயிரோடு இருந்தாள். முப்பதாவது தாளுக்கு மேல் எண்ணைப் பார்க்காமலே டிக் போட்டார்.

பெனாசிரின் தாள் கடைசிக்கு முந்தியது. சமன்பாடு, காரணிகள், மைனஸ் பத்தரை அடிக்கப்பட்டிருந்தது. 'விடை: 13.' அதற்குக் கீழே, அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'இது போன வருடத்துக் கணக்கு.'

சார் பேனா மூடியை மூடினார். எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றார். மைதானத்தில் பிள்ளைகள் புழுதியில் கத்திக்கொண்டு ஓடின. திரும்பி வந்து மூடியைத் திறந்து, அந்த வரியை இன்னொரு முறை படித்தார். விடைக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார். அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார். ஓரத்தில் ஐந்தரை என்று எழுதி வட்டம் போட்டார். முப்பத்தோரு வருடத்தில் ஐந்து மார்க் கேள்விக்கு அவர் நாலைத் தாண்டக் கஷ்டப்பட்டவர். சந்தேகம் இருந்தால் துபாய்க்குப் போன் போட்டுக் கேட்கலாம்.

தாள் கட்டோடு அலுவலக அறைக்குப் போனார். மார்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற நாகவல்லி ஒவ்வொரு பெயராக வாசிக்க, சார் எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தார். பெனாசிர் பெயர் வந்தது. ஐந்தரை என்றார். நாகவல்லி அடித்தாள். கட்டம் சிவப்பானது. மறுபடி அடித்தாள். மறுபடி சிவப்பு.

"அரைய எடுக்க மாட்டேங்குது சார். முழு நம்பரா இருந்தாத்தான் வாங்கும். என்னன்னு போட?"

சார் குனிந்து திரையைப் பார்த்தார். நாற்பத்து மூன்று கட்டம். நாற்பத்திரண்டும் பச்சை, ஒன்று மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்புக்குள் ஐந்தரை மினுக் மினுக்கென்று நின்றுகொண்டிருந்தது, வாசலுக்கு வந்தும் யாரும் உள்ளே கூப்பிடாதவரைப் போல.

தாளாளரிடம் மாட்டேன் என்று சொன்ன வாய் அது. இங்கே சொல்லிப் பலனில்லை. சிவப்பாகவே விட்டுவிட்டால் பிள்ளையின் மார்க் ஏறாது.

"அஞ்சுன்னு போடும்மா" என்றார்.

அடித்தாள். பச்சையானது. அடுத்த பெயரை வாசித்தாள். சார் எண்ணைச் சொன்னார். பட்டியல் முடிந்ததும் கீழே தேதியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஆறாம் வகுப்பு எந்தப் பக்கம் என்று நாகவல்லியிடம் கேட்டார். முப்பத்தோரு வருடம் அதே கட்டடத்தில் இருந்தவர் இதைக் கேட்கிறாரே என்று அவள் ஒரு கணம் விழித்தாள். மாடிப்படிக்கு அங்குட்டு, கடைசி அறை என்று கையைக் காட்டினாள். திங்கள்கிழமைதானே சார் என்றாள்.

ஆமாம், சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு சார் படியேறினார்.